வலி திரும்பிவிட்டதா? பழியை இன்சோல் மேல் மட்டும் போடாதீர்கள்

குதிகால் வலி, தட்டைப் பாதம், முழங்கால் வலி என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஷூவுக்குள் இன்சோல் போட ஆரம்பித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். முதல் இரண்டு மூன்று மாதம் பிரமாதம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுருக்கென்று குத்திய வலி காணாமல் போயிருக்கும். அப்புறம் எந்த வாரத்தில் என்று சொல்லத் தெரியாமல் வலி மெல்ல எட்டிப் பார்க்கும். ஒரு வருடம் ஆனதும் பழைய இடத்திலேயே வந்து நிற்போம். அப்போது சிலர் 'இதெல்லாம் ஏமாற்று வேலை' என்று இன்சோலைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். மற்றவர்கள் அதே கடைக்குப் போய் அதையே மறுபடி வாங்கி வருவார்கள்.

இரண்டுமே அவசர முடிவு. இன்சோல் தனியாக வேலை செய்யும் பொருள் இல்லை. மேலே கால், கீழே ஷூ, நடுவில் அது. பலன் குறைந்தால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். எது மாறியது என்று பார்க்காமல் பணத்தைப் போட்டால், சாய்ந்துபோன ஷூவுக்குள் புது இன்சோலை வைத்துவிட்டு மறுபடியும் வலிக்கிறதே என்று புலம்ப வேண்டியதுதான். சென்னைக்காரர்களுக்கு இதில் வெயில், ஈரக்காற்று என்று இரண்டு தொல்லைகள் கூடுதல்.

முதலில் இன்சோலையே எடுத்துக்கொள்வோம். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதும் சரி, அளவெடுத்துச் செய்து தருவதும் சரி, பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் ஃபோமில் ஆனவை. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குமிழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் வாயு, சுற்றிலும் மெல்லிய சுவர் – இதுதான் அந்த ஃபோம். கால் அழுத்தும்போது குமிழிகள் நசுங்குகின்றன, எடுத்ததும் எழும்புகின்றன. சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை பாதத்தில் இறங்குகிறது. ஓடினால் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. ஒருவர் நாளைக்கு 6,000 அடி நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கு 3,000. வருடத்துக்கு ஏறக்குறைய 11 லட்சம் தடவை, அதுவும் குதிகாலுக்குக் கீழே ஒரே இடத்தில், அந்த ஃபோம் நசுங்கி எழும்ப வேண்டும். எல்லாத் தடவையும் முழுசாக எழும்பாது. சுவர்கள் மடங்கி ஒடிகின்றன, வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, நிரந்தரப் பள்ளம் விழுகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் முதுகு படும் இடம் குழிவதைப் போலத்தான். ஆனால் மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் பஞ்சு எழும்பிவிடும். ஃபோமை வெயிலில் போட்டால் இன்னும் சீக்கிரம் கெடும்.

ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அமுங்கினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். அளவெடுத்துச் செய்த இன்சோலில் மொத்த வேலையுமே சில மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது. குதிகாலின் உள்பக்கம் இவ்வளவு உயரம், உள்ளங்கால் வளைவுக்குக் கீழே இவ்வளவு தாங்கல் என்று உரசி உரசிக் கொண்டுவந்த உயரங்கள் அவை. கால் உள்பக்கமாகச் சாய்பவருக்கு இன்சோலும் உள்பக்கம்தான் அதிகமாக அமுங்கும். அதாவது, எந்த இடத்தில் தாங்கல் தேவையோ அந்த இடம்தான் முதலில் தேயும். இன்சோல் போட்டும் கால் பழையபடி சாய்வது இதனால்தான்.

எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பிளாஸ்டசோட் என்று சொல்லப்படும் மிருதுவான பாலிஎதிலீன் ஃபோம் உடம்பு சூட்டுக்கே காலின் வடிவத்துக்கு வந்துவிடும். அதற்கு விலையாகச் சில மாதங்களிலேயே தட்டையாகிவிடும். ரெடிமேட் மெத்து இன்சோல்கள் தினமும் போட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தாங்கும். கொஞ்சம் கெட்டியான ஈ.வி.ஏ.வில் அளவெடுத்துச் செய்தது ஒன்றிரண்டு வருடம் போகும். அடியில் பாலிப்ரொப்பிலீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஓடு வைத்தது, ஓட்டைப் பொறுத்தவரை மூன்று முதல் ஐந்து வருடம்கூட உழைக்கும். ஆனால் அதன் மேல் ஒட்டிய மெத்தும் உறையும் அதற்கு வெகு முன்பே போய்விடும். இவை பொதுவான கணக்குகள். 55 கிலோ எடையில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும், 90 கிலோ எடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கும் ஒரே தேதி பொருந்தாது. 'ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டும்' என்று பெட்டி மேல் அச்சடித்திருப்பதில் பாதி எச்சரிக்கை, பாதி வியாபாரம்.

இனி வெயில். அளவெடுத்துச் செய்பவர் ஈ.வி.ஏ. ஷீட்டை ஓவனில் சூடாக்கி, இளகியதும் கால் அச்சின் மேல் அழுத்தி வடிவம் கொண்டுவருவார். சூட்டில் இளகும் அந்தக் குணம்தான் வேலையைச் சுலபமாக்குகிறது. அதே குணம்தான் பிறகு எதிரியாகவும் மாறுகிறது. ஓவன் அளவுக்குச் சூடு ஏற வேண்டிய அவசியமில்லை; அதற்கு வெகு கீழேயே ஃபோம் தளர்ந்துவிடும். தளர்ந்த நிலையில் எடை ஏறினால் நசுங்கிய வடிவமே நிலைத்துவிடும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு வேண்டாம், சாதாரண மே மாத மதியத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியை நெருங்கலாம். காலையில் பெசன்ட் நகர் கடற்கரையிலோ நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நடந்துவிட்டு, வாக்கிங் ஷூவைக் கழற்றி கார் டிக்கியிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். நடந்தது முக்கால் மணி நேரம், வெந்தது எட்டு மணி நேரம். ஓடு வைத்த இன்சோலிலும், கால் சாயாமல் இருக்க அடியில் ஒட்டியிருக்கும் சாய்வுத் துண்டின் பசை இந்தச் சூட்டில் விட்டுப்போகும்.

ஈரக்காற்றின் வேலை இன்னும் கள்ளத்தனமானது. எப்போதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய நல்ல ஷூவைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்து, நான்கு வருடம் கழித்து இன்னொரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மண்டப வாசலிலேயே அடிப்பகுதி பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் இந்த ஊரில் பல வீடுகளில் உண்டு. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் திட்டுவோம். உண்மையில் அந்த அடிப்பகுதி பாலியூரிதேன். அதில் ஒரு வகையில் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் எஸ்டர் கட்டுகளைக் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். கடலோர ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இதே பாலியூரிதேன் பல இன்சோல்களின் மெத்துப் பகுதியிலும் இருக்கிறது. அதனால் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று மூன்று ஜோடி வாங்கி அலமாரியில் அடுக்குவது சேமிப்பு ஆகாது. மூன்றாவது ஜோடியைப் பிரிக்கும்போது அது பாதி ஆயுளைப் பெட்டிக்குள்ளேயே கழித்திருக்கும். பெட்டியில் தயாரிப்பு மாதம் போட்டிருந்தால் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

வியர்வையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. உப்பு தோல் உறையை விறைக்க வைக்கும், ரெக்சின் உறையை உரிக்கும். உரிந்த உறை காலுக்கடியில் சுருண்டு கொப்புளம் போடும். நல்ல வேளையாக, உறை மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இனி ஷூவுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து நம் ஊரில் இன்சோல் மீது விழும் பழியில் பெரும்பங்கு ஷூவுக்குச் சேர வேண்டியது. ஷூவின் பின்பக்கம் குதிகாலைக் கவ்விப் பிடிக்க ஒரு விறைப்பான பகுதி உண்டு, கவுண்டர் என்பார்கள். குதிகால் அசையாமல் இன்சோலின் குழிவில் உட்கார வேண்டுமானால் அந்தக் கவுண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம் – வீடு, கோயில், டாக்டர் கிளினிக், தெரிந்தவர் வீடு. ஒவ்வொரு தடவையும் குனிந்து லேசை அவிழ்க்க யாருக்குப் பொறுமை? ஒரு கால் நுனியால் இன்னொரு ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக் கழற்றுவோம். திரும்பிப் போடும்போது பின்பக்கத்தை மடக்கி மிதித்தபடியே நாலடி நடப்போம். ஆறே மாதத்தில் கவுண்டர் துவண்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இன்சோலும் ஷூவுக்குள் காலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஷூ நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்சோலை உருவிவிட்டு இரண்டு ஷூவையும் சாப்பாட்டு மேசை மேல் – வேண்டாம், அம்மா பார்த்தால் திட்டுவார், ஜன்னல் திட்டின் மேல் – வையுங்கள். கண்ணை ஷூவின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து பாருங்கள். பின்பக்க மையத் தையல் செங்குத்தாக இருக்க வேண்டும். உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருந்தால் ஷூ முடிந்தது. அடிப்பக்கத்தில் குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு ஷூ மட்டும் நிறையத் தேய்ந்திருந்தாலோ உள் ஓரம் தேய்ந்திருந்தாலோ கவனிக்க வேண்டும். வாக்கிங் ஷூக்களின் நடு அடுக்கும் ஃபோம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அதுவும் இன்சோலைப் போலவே அமுங்கும், வெளியே தெரியாது.

இன்னொரு பொதுவான தப்பு, ஷூவோடு வந்த இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைப்பது. குதிகால் மேலே ஏறிக் கவுண்டரின் பிடியிலிருந்து வெளியே வந்துவிடும், விரல்களுக்கு இடம் குறையும். விரல் வரை நீளாத, மிக மெல்லிய முக்கால் அளவு இன்சோல்களைத் தவிர மற்றவற்றுக்கு, பழையதை உருவிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரே இன்சோலை ஆபீஸ் ஷூ, வாக்கிங் ஷூ என்று மாற்றி மாற்றிப் போடுவதும் அப்படித்தான். அடிப்பக்கம் வேறு வேறு வடிவமாக இருப்பதால் ஒன்றில் சரியாக உட்காரும், இன்னொன்றில் ஆடும்.

அப்புறம் வீட்டுத் தரை. இது நம்மூருக்கே உரிய விஷயம். வெளிநாட்டு அறிவுரைகள் பெரும்பாலும் காலையிலிருந்து இரவு வரை ஷூவோடு இருப்பவரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நாம் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு டைல்ஸிலும் கிரானைட்டிலும் நடக்கிறோம். சமையலறையில் இரண்டு மணி நேரம் நிற்பவர், ஷூ போட்டு நடப்பது முக்கால் மணி நேரம் என்றால், இன்சோல் அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் பொறுப்பு. எங்கள் சித்திக்குக் குதிகால் வலி வந்தபோது டாக்டர் வீட்டுக்குள் போடத் தனியாக ஒரு ஜோடி மெத்துச் செருப்பு வாங்கச் சொன்னார். "வீட்டுக்குள்ள செருப்பா? சாமி படம் இருக்கு, அடுப்பு இருக்கு" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் வெளியே ஒரு தடவைகூடப் போடாத புதுச் செருப்பு என்றால் பரவாயில்லை என்று அவராகவே ஒரு சமாதானத்துக்கு வந்தார். பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றுவார். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் ஷூவுக்குள் இருந்த இன்சோலுக்கும் மரியாதை வந்தது.

நாள் முழுக்க நிற்கும் வேலைக்கும் இதே கணக்கு. தி. நகரில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை விற்பனையாளர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை வெறுங்காலோடோ தட்டைச் செருப்போடோ நின்ற நிலை பல வருடம் தொடர்ந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்கிறது. குதிகாலைப் பொறுத்தவரை, கிடைக்கிற இடத்தில் அந்த இருக்கையில் உட்கார்வது எந்த இன்சோலுக்கும் குறைந்ததில்லை.

மூன்றாவது, கால். இன்சோல் செய்யும்போது எடுத்த அளவு அன்றைய காலுடையது. எடை ஏழெட்டு கிலோ கூடியிருந்தால் அன்று போதுமாக இருந்த கெட்டித்தன்மை இன்று போதாது. கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து வளைவு இறங்கும், பாதமே சிலருக்கு நிரந்தரமாகக் கொஞ்சம் நீளும். பிரசவத்துக்கு முந்தைய இன்சோலைத் தூசி தட்டிப் போடுவதில் அர்த்தமில்லை. வளரும் பிள்ளைகளுக்கு ஷூ அளவு மாறும்போதெல்லாம் இன்சோலும் பொருந்தாமல் போகும். சின்னப் பிள்ளைகளின் தட்டைப் பாதம் பெரும்பாலும் இயல்பானது, வலி இல்லையென்றால் இன்சோலே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல், முக்கியமாகப் பெண்களுக்கு, கணுக்காலின் உள்பக்கம் வரும் ஒரு தசைநாண் நைந்து, இருந்த வளைவும் ஒரு காலில் மட்டும் சரிய ஆரம்பிக்கலாம். கணுக்காலின் உள்பக்கம் வீக்கமும் வலியும், ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியாமை – இவை அதன் அடையாளம். இதை இன்சோல் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கடையில் தீர்வு தேடினால் காலம்தான் வீணாகும். எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலியின் இடமோ குணமோ மாறியிருந்தாலும் அப்படியே. காலை முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைவது ஒரு வலி. ராத்திரி படுத்த பிறகு எரிவதும் ஊசி குத்துவதும் வேறு. அது நரம்பாக இருக்கலாம், சில சமயம் முதுகிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். எலும்பில் ஒரே புள்ளியைத் தொட்டால் உயிர் போவது இன்னொன்று. அழுத்தத்தால் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கக்கூடும்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. சாதாரணக் குதிகால் வலியில் இன்சோலின் பங்கு நாம் நினைக்கும் அளவு பெரியதில்லை. 2006-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 135 பேரை மூன்றாகப் பிரித்து, சிலருக்குப் பெயருக்கு ஒரு மெல்லிய இன்சோல், சிலருக்கு ரெடிமேட், சிலருக்கு அளவெடுத்துச் செய்தது என்று கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ரெடிமேடும் அளவெடுத்ததும் நடமாட்டத்தில் கொஞ்சம் நன்மை தந்தன, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில். பன்னிரண்டு மாதத்தில் மூன்று பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இந்த வலி பெரும்பாலானோருக்கு நாளடைவில் தானாகவே தணிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒரு வருடம் கழித்து 'இன்சோல் வேலை செய்யவில்லை' என்பவர்களில் சிலருக்கு, அது செய்ய வேண்டிய வேலை ஏற்கெனவே முடிந்திருக்கலாம். அவர்களுக்குக் கெண்டைக்கால் தசையையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சிகள்தான் அடுத்த படி. முதல் தடவையாகக் குதிகால் வலி வந்தவர் பல ஆயிரம் செலவழித்து அளவெடுக்க ஓட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நல்ல ரெடிமேட் ஒன்றும் பயிற்சியும் போதும். மூன்று மாதத்தில் சரியாகவில்லை என்றால் அப்போது பார்க்கலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் வலி தெரிகிற காலுக்கு. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குக் கணக்கே வேறு. மற்றவர்களுக்கு இன்சோல் அமுங்கினால் வலி சொல்லிவிடும். மரத்த காலுக்குச் சொல்ல ஆளில்லை. பாதத்தின் முன்பக்க எலும்பு முனைக்குக் கீழே மெத்து தீர்ந்துபோய்க் கெட்டி தட்டினாலும் அவர் சாதாரணமாக நடந்துகொண்டே இருப்பார். தோல் தடிக்கும், தடித்த தோலுக்கு அடியில் ரத்தம் கசியும், ஒரு நாள் சாக்ஸில் கறை பார்க்கும்போது புண் ஆழமாகியிருக்கும்.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் நம் பக்கத்து ஊருக்கே பெரிய பங்கு உண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண் 'கெட்ட சதை'யால் வருவதில்லை, உணர்வற்ற காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருகிறது என்று காட்டினார். அந்த வழியில் தொழுநோயாளிகளுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த எம்.சி.ஆர். செருப்பு – மைக்ரோசெல்லுலர் ரப்பர் – பிறகு சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் வந்து சேர்ந்தது. ராயபுரத்தில் 1954-ல் தொடங்கிய எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை பாதப் பராமரிப்பிலும் இத்தகைய காலணிகளிலும் நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தக் காலணிகளை உருவாக்குவதில் பங்கெடுத்திருக்கிறது.

மரத்த காலுக்கு இன்சோலை மாற்ற அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது, காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், தகுதியுள்ள சர்க்கரை நோயாளிக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி சிறப்பு ஷூவும் மூன்று ஜோடி இன்சோலும் அனுமதிக்கிறது. அதாவது, ஷூ ஒரு வருடம் போனாலும் உள்ளே இருக்கும் மெத்து நான்கு மாதம்தான் என்று காப்பீட்டுக்காரரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். இங்கே அத்தனை முறை மாற்ற எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுகர் பரிசோதனைக்குப் போகும்போது செருப்பையும் இன்சோலையும் டாக்டரிடமோ பாதப் பிரிவிலோ காட்டிவிட்டு வருவதற்குச் செலவில்லை. தினமும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவுவது, ராத்திரி உள்ளங்காலைப் பார்ப்பது, முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்வது – இதில் சோம்பல் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலின் எலும்புகளே குலையத் தொடங்கும் நிலையின் ஆரம்பமாக அது இருக்கலாம்.

வீட்டிலேயே இன்சோலைச் சோதிப்பது சுலபம். உருவி எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலை அடியிலும் வைத்து, குதிகால் பள்ளத்தில் அழுத்துங்கள். அப்புறம் கால் அதிகம் படாத ஓரத்தில் அழுத்துங்கள். ஓரத்தில் மெத்தென்று இருந்து, பள்ளத்தில் இரண்டு விரலும் ஒன்றையொன்று உணரும் அளவுக்கு இருந்தால் மெத்து தீர்ந்துவிட்டது. விரலை எடுத்த பிறகும் குழி நிற்கிறதா என்று பாருங்கள். வளைவுப் பகுதியை உள்ளங்கையால் அழுத்தினால் எதிர்த்து நிற்க வேண்டும். அப்படியே படுத்துவிட்டால் தாங்கல் போய்விட்டது. ஓடு வைத்ததாக இருந்தால் குழல் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வெள்ளைக் கோடாக விரிசல் தெரியும். மேசையில் வைத்து ஓரத்தைத் தட்டினால் ஆடுகிறதா, இடதும் வலதும் ஒரே உயரமா என்பதையும் பார்த்துவிடுங்கள். புதிதாக வாங்கிய அன்றே ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிடலாம்.

உறை மட்டும் உரிந்திருந்தால், ஓரத்துச் சாய்வுத் துண்டு மட்டும் பிரிந்திருந்தால், முழுசாக மாற்ற வேண்டாம். செய்து கொடுத்தவரே மாற்றி ஒட்டித் தருவார். தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனும் உறையை நன்றாகவே மாற்றிவிடுவார். பெரியமேட்டில் தோலும் ஃபோம் ஷீட்டும் துண்டாகக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: பழையது எவ்வளவு கனமோ அவ்வளவே போடச் சொல்லுங்கள். 'நல்லா மெத்துனு இருக்கட்டும் சார்' என்று அவர் அன்பாக இரண்டு அடுக்கு சேர்த்தால் மொத்த உயரமும் மாறிவிடும். மரத்த கால்காரர்கள் மட்டும் இந்த வேலையை வெளியே கொடுக்க வேண்டாம். உறைக்கு அடியில் ஒரு மடிப்போ பசைக் கட்டியோ நின்றாலே புண்ணாகிவிடும்.

ஆயுளைக் கூட்டப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கழற்றியதும் இன்சோலை வெளியே எடுத்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு நாளில் காயும். முடிந்தவர்கள் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடலாம். ஃபோம் எழும்பவும் காயவும் நேரம் கிடைக்கும். அழுக்கு என்றால் ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் போதும், வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியதாக இருந்தால் காய வைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள்.

புதிதாகச் செய்வதென்றால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற நிபுணரா என்று கேட்பதில் தப்பில்லை. கே.கே. நகரில் இருக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் இதற்கான பிரிவு உண்டு; வெளியே கொடுக்க வசதியில்லாதவர்கள் அங்கே போகலாம். எங்கே போனாலும் பழைய இன்சோலையும் தினமும் போடும் ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள். தேய்ந்த இடங்களைப் பார்த்தாலே அனுபவமுள்ளவருக்கு நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பது பாதி புரிந்துவிடும். 'பழைய அச்சு இருக்கிறது சார், அதிலேயே போட்டுத் தருகிறேன்' என்றால் யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தாலோ, நடுவில் எடை கூடியிருந்தாலோ, அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ மறுபடி அளவெடுப்பதுதான் சரி. கால் வீங்கும் பழக்கம் உள்ளவர்கள் சாயங்காலம் அளவு கொடுப்பது நல்லது.

கைக்கு வந்த அன்றே நாள் முழுக்கப் போட வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் கால் பழகிவிடும். அந்த நாட்களில் பழையதையும் இடையிடையே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை, அதற்கு மேலும் நின்றால் அந்த இடத்தை உரசித் தர வேண்டும். அப்படி முதல் ஒன்றிரண்டு திருத்தங்கள் சொன்ன விலையிலேயே அடக்கமா, தனிக் காசா என்பதை மட்டும் அளவு கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.